மலைக்குப் போகும் வடசென்னைப் பிள்ளைகளுக்கு

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று பல பக்கமிருந்தும் சனிக்கிழமை விடியுமுன் பைக்கைக் கிளப்பி, ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் மலைக்கும், கும்மிடிப்பூண்டி தாண்டித் தடா அருவிக்கும் போய் வருகிற தம்பி தங்கைகளே!

உங்களைப் போகாதே என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. வாரம் முழுக்கக் கன்டெய்னர் யார்டிலும், லோடு வண்டியிலும், டெலிவரிப் பையோடும், டீசல் புகையிலும் எண்ணூர்ச் சாம்பலிலும் கழிக்கிற உங்களுக்கு ஓடைத் தண்ணீரில் கால் நனைக்க எல்லா உரிமையும் இருக்கிறது. "இதுங்களுக்கு எதுக்கு மலை?" என்று நம் தெருவிலேயே சிலர் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வசதியான வீட்டுப் பிள்ளை மலையேறினால் டிரெக்கிங் என்கிறார்கள். புளியந்தோப்புப் பிள்ளை ஏறினால் ஊர் சுற்றுகிறான் என்கிறார்கள். யாராவது ஒருவர் வழி தவறி ஒரு ராத்திரி காட்டில் தங்கிவிட்டால் போதும், மொத்தப் பேட்டைக்கும் சேர்த்துப் பேச்சு கிளம்பும். நீங்கள் போக வேண்டும், போனபடியே திரும்பி வரவும் வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறேன்: கூட்டத்துக்கு ஒன்று என்று பங்கு போட்டு, ஒரு கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்குங்கள்.

"போனிலேயே ஜிபிஎஸ் இருக்கே அக்கா" என்பீர்கள். இருக்கிறது. டவர் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். ஏறத்தாழ இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டுத்தான் போன் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. அதற்கு டவர் தேவையில்லை. டவர் போனால் காணாமல் போவது வரைபடம். வெறும் சாம்பல் திரையில் நீலப் புள்ளி மட்டும் நிற்கும். முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம், நீங்களும் வைத்துக்கொள்கிறீர்கள். ஆனால் சாலைக்காக வரைந்த படத்தில் ஓடைக்கரை ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் இருக்காது.

அதைவிட எனக்குப் பயம் பேட்டரிதான். மலைக்குள் நுழைந்ததும் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்னும். அதிலேயே பாட்டு, அதிலேயே படம், அதிலேயே வீடியோ. இறங்குகிற நேரம், வெளிச்சம் குறைகிற நேரம், உங்களில் பாதிப் பேர் போன் அணைந்திருக்கும். ஏதாவது ஆனால் 112-ஐக் கூப்பிடப் போவதும் அதே போனில்தானே? வழி காட்டும் வேலையையும் ஆள் கூப்பிடும் வேலையையும் ஒரே பேட்டரி தலையில் கட்டாதீர்கள். நாகலாபுரத்தில் பாதி வழி தண்ணீரிலேயே நடக்க வேண்டும். ஈரக் கையால் டச் ஸ்கிரீனை எத்தனை தடவை தேய்த்தாலும் அது கேட்காது. கையடக்கக் கருவியில் பொத்தான் இருக்கிறது. பேனா செல் இரண்டைக் கழற்றிப் புதிது போட்டால் மறுபடி உயிர் வருகிறது. வெயில் ஏற ஏறப் போன் திரை மங்கும். கையடக்கக் கருவியின் திரை வெயிலில்தான் நன்றாகத் தெரியும்.

இது நம் ஊருக்குப் புதிய சாமானும் இல்லை. காசிமேட்டில் லாஞ்சிலோ ஃபைபர் படகிலோ போகும் உங்கள் மாமாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள். கார்மின் 72எச், 78எஸ் என்று மிதக்கும் கருவிகளைப் பல வருஷமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து விட்டுக்கொண்டிருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகுதான் சாதாரணக் கருவியே பத்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லத் தொடங்கியது. கடலடிப் பாருக்கு மேலே போய் நிற்பதற்கும், வலை மாட்டிக் கிழியும் இடத்தை ஒதுக்கி ஓட்டுவதற்கும் அந்த வித்தியாசம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் லாஞ்ச் கரையில் நிற்கும்போது அந்தக் கருவியும் வீட்டில்தான் கிடக்கும். வாங்குமுன் அதைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பழகுங்கள். லாஞ்ச் டிரைவர்கள் தாங்கள் குறித்த இடங்களை, அதாவது பாயிண்டையெல்லாம், கருவியில் மட்டும் விட்டுவைக்காமல் நோட்டில் எழுதி வைத்திருப்பதையும் கவனியுங்கள். கருவி கடலில் விழும், செல் ஒழுகும், பொத்தான் போகும். நோட்டு வீட்டில் இருக்கும்.

ஆனால் கடலில் பழகிய கருவியை அப்படியே மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். கடல் படமும் படகுக்கான வசதியும் அங்கே உதவாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடலில் ஒரு பாயிண்டைத் தேர்ந்தெடுத்து "கோ டு" போட்டால், அம்பு காட்டும் திசையில் நேராகப் போய்விடலாம். மலையில் அதே அம்பு நேராகப் பாறைச் சரிவுக்குள் காட்டும். வண்டி நிறுத்திய இடம் எண்ணூறு மீட்டர்தான் என்று கருவி சொல்லும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும். அம்பை நம்பிக் குறுக்கே இறங்கினால் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நடுச்சரிவில் நிற்பீர்கள். மலையில் நீங்கள் நம்ப வேண்டியது, ஏறிவந்த தடத்தை அப்படியே திருப்பிக் காட்டும் "டிராக்பேக்" வசதியைத்தான். காலையில் முதல் அடி வைக்கும்போதே தடப்பதிவு ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் விலை உயர்ந்த கருவியும் பாரம்தான்.

எதை வாங்குவது? கடைக்காரர் முதலில் விலை கூடியதைத்தான் காட்டுவார். என் கருத்தைச் சொல்கிறேன். கார்மினின் இ-டிரெக்ஸ் எஸ்இ 2023-ல் வந்தது. இரண்டு பேனா செல்லில் 168 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஆனால் கருவிக்குள் வரைபடம் கிடையாது. வரைபடம் வேண்டுமென்றால் பழையபடி போனைத்தான் எடுக்க வேண்டும். வந்த வழியே திரும்பினால் போதும் என்கிற கூட்டத்துக்கு அது போதும். இ-டிரெக்ஸ் 22எக்ஸ் 25 மணி நேரம் ஓடும், வரைபடம் உண்டு, மெமரி கார்டு போடலாம். எலக்ட்ரானிக் காம்பஸ் இல்லை. அதனால் நின்ற இடத்தில் திசை காட்டாது, நடக்கும்போதுதான் காட்டும். களைத்துப்போய் ஒரு பாறை முனையில் நின்று "இந்தப் பக்கமா அந்தப் பக்கமா" என்று கேட்கும்போதுதான் காம்பஸின் அருமை தெரியும். 32எக்ஸில் காம்பஸும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வசதியும் இருக்கின்றன. பங்குக்குக் கூடுதல் ஆள் கிடைத்தால் ஜிபிஎஸ்மேப் 65எஸ் பாருங்கள். ஒரே செயற்கைக்கோளை இரண்டு அலைவரிசையில் கேட்கும். செல் 16 மணி நேரம்தான் தாங்கும் என்பது குறை. ஆனால் நீங்கள் போகிற இடத்துக்கு அந்த இரட்டைக் காது தேவை. இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை நிற்கிற ஓடையில் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். கிடைக்கிற செயற்கைக்கோள் குறையும், வருகிற சிக்னலும் பாறையில் மோதித் திரும்பி வரும். சாதாரணக் கருவி உங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி மேலே பாறையில் நிற்பதாகக் காட்டும். இரண்டு அலைவரிசை உள்ளது அவ்வளவு தடுமாறாது. உள்ளேயே பேட்டரி வைத்த உயர்ந்த வகைகள் பல நாள் ஓடும். ஒருநாள், இரண்டு நாள் போகிறவர்கள் அதற்குக் கடன் வாங்க வேண்டாம். பெட்டிக்கடை செல் இரண்டைப் போட்டுச் சோதித்துவிட்டுக் கருவியைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜ் செய்யும் நல்ல செல் ஒரு ஜோடி உள்ளே, ஒரு ஜோடி நெகிழிப் பையில் சுற்றிக் கையிருப்பில்.

வரைபட விஷயத்தில் ஏமாறாதீர்கள். பெட்டியில் "மேப் உண்டு" என்று இருக்கும். எந்த நாட்டு மேப்? கடையிலேயே கருவியைப் போட்டு, நாகலாபுரத்தைத் திரையில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் தெரிகிறதா, ஓடை தெரிகிறதா, மலையின் உயரக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் வரைபடம் இருக்கிறது. அதைக் கார்மினுக்கு ஏற்றபடி மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். நீங்கள் நடந்த தடத்தையும் அந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கலாம். உங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி அது.

ஒரு எச்சரிக்கையை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 66ஐ, 67ஐ என்று பெயர் முடிகிற வகைகளிலும் இன்ரீச் என்ற பெயரிலும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி உண்டு. மலைக்கு அது எவ்வளவு நல்லது என்று ஆசை காட்டுவார்கள். இந்தியாவில் அரசின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களையே 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் பிடித்திருக்கிறார்கள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அண்ணன் வாங்கி அனுப்புகிறேன் என்றால் எண்ணுக்குப் பின்னால் "ஐ" என்ற எழுத்தையோ இன்ரீச் என்ற பெயரையோ பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் பேட்டைப் பிள்ளை கையில் அது பிடிபட்டால் விளக்கம் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

வண்டி ஓட்டும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாலைக்குப் போன் போதும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் போன் சொல்லும், கையடக்கக் கருவி சொல்லாது. அதன் திரையும் ஓட்டிக்கொண்டே பார்க்க மிகச் சிறியது. ஆனால் போன் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்காதீர்கள். 2024 ஜனவரியில் கூடலூரில் ஒரு கார் மேப் காட்டிய வழியில் போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே வருஷம் நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றின் மேலே பாதியில் அறுந்து நின்ற பாலத்துக்கு மேப் வழிகாட்டியதாகச் சொல்கிறார்கள். காரோடு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியாமல் போகலாம். பைக்கில் போனை மாட்டி ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: பெரிய இன்ஜினின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. கையடக்கக் கருவிக்குச் சாலையில் உள்ள வேலை கடைசித் துண்டுதான். தார் ரோடு முடிந்து, மாந்தோப்புக்கு நடுவே மண் பாதை இரண்டாகவும் மூன்றாகவும் பிரியும் இடத்தில் அதை எடுங்கள். வண்டியை நிறுத்தியதும் வானம் தெரியும் இடத்தில் சில நிமிஷம் அசையாமல் வைத்து, இடம் நிலைத்த பிறகு, "வண்டி" என்று பாயிண்ட் போடுங்கள். ரொம்ப நாள் எடுக்காத கருவி முதல் தடவை இடம் பிடிக்க நேரமாகும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் அவசரமாகப் போட்ட பாயிண்ட் உங்களை வேறு தோப்பில் கொண்டுபோய் விடும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற இடத்துக்கு வருகிறேன். "ஜிபிஎஸ் இருக்கு, எங்க போனாலும் கண்டுபிடிச்சிடுவாங்க" என்று உங்களில் பலர் நம்புகிறீர்கள். தயவுசெய்து அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள். இந்தக் கருவி கேட்கும், பேசாது. செயற்கைக்கோளிடமிருந்து வாங்கும், உங்கள் இடத்தை யாருக்கும் சொல்லாது. இதற்கு நம் கடற்கரை கொடுத்த விலை பெரிது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலில் அடித்தபோது தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கக் கருவி வைத்திருந்தவர்களும் அதைக் கரைக்குச் சொல்ல வழியில்லாமல் தவித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி 2019-ல் வந்தது. அதுவும் செய்தியை வாங்க மட்டும்தான். படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்துவது அதற்கும் பிறகு. படகுக்கு அது வந்துவிட்டது. நடந்து போகிறவனுக்கு வரவில்லை.

அனுமதி வாங்கிப் போக வேண்டியதும் இதனால்தான். 2018 மார்ச் 11 உங்களுக்கு நினைவிருக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் போன பிள்ளைகளில் 23 பேரை இழந்தோம். எந்த ஜிபிஎஸ்ஸும் அந்தத் தீயை நிறுத்தியிருக்காது. ஆனால் எந்தப் பாதையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வனத்துறை கையில் முன்கூட்டியே இருந்தால் எச்சரிக்கவும் முடியும், தேடவும் முடியும். வாட்ஸாப்பில் ஆள் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, அனுமதிச் சீட்டை மட்டும் காட்ட மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கையில் சீட்டைப் பார்க்காமல் அவர்கள் பின்னால் போகாதீர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு பதிவு செய்து போக ஏற்பாடு செய்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் உண்டு, நமக்குப் பக்கம். கருவியைப் பழக அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. நாகலாபுரமும் தடாவும் ஆந்திர வனத்துறைக்கு உட்பட்டவை; அங்கே அவர்களிடம் கேட்க வேண்டும்.

உதவி கேட்க நேர்ந்தால் இடத்தை எப்படிச் சொல்வது என்று இப்போதே பழகுங்கள். இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கம் நின்று கருவியைப் பார்த்தால் ஏறத்தாழ வடக்கு 13 டிகிரி 06.30 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 16.20 நிமிடம் என்று காட்டும். படகுக்காரர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். போன் மேப்போ இதே இடத்தை 13.105, 80.27 என்று காட்டும். நிமிடம் என்ற சொல்லை விட்டுவிட்டு அவசரத்தில் "13.0630, 80.1620" என்று நீங்கள் படித்தால், அந்தப் பக்கம் கேட்கிறவர் உங்களை மதுரவாயல் பக்கத்தில் தேடுவார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. ஊருக்குள் இது சிரமம். காட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் அடுத்த மலை. கூட்டத்தில் எல்லாக் கருவியையும் போனையும் ஒரே முறைக்கு மாற்றி வையுங்கள். டிகிரி, நிமிடம் என்ற சொற்களை விடாமல் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். மேட்டில் ஒரு கோடு டவர் கிடைத்தாலும் பேச முயலுமுன் அந்த எண்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். பேச்சு அறுந்துபோகும் இடத்தில்கூடக் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஃபுட்பால் டீமுக்கு ஜெர்சி வாங்கப் பங்கு போடுகிறீர்கள். ஏரியாவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் சீட்டுப் பணத்தை எடுத்து நிற்கிறீர்கள். அதே போல இதற்கும் போடுங்கள். கருவி யார் வீட்டில் இருக்கும், செல் யார் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவர் கால் பிசகிய அன்றைக்கு எல்லாரும் குருடாகிவிடுவீர்கள். இரண்டு பேராவது கற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். புழல் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஞாயிறு போய், தடத்தைப் பதிந்து, அதே தடத்தில் திரும்பி வந்து பாருங்கள்.

கிளம்புமுன் ஒரு தாள் எழுதுங்கள். எந்த ஊர் வழி, வண்டி எங்கே நிற்கும், பாயிண்ட் எண், எந்த ஓடை, எத்தனை பேர், அவர்கள் பெயர், வனத்துறை அலுவலக எண், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணி தாண்டினால் போலீசைக் கூப்பிட வேண்டும். அம்மா திட்டுவார் என்று பல பேர் வீட்டில் சொல்லாமலே கிளம்புகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடம், அண்ணியிடம், கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு விழித்திருந்து மணியைப் பார்க்கக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். அந்தத் தாளை யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைக் கருவி வாங்கும்வரை தள்ளிப்போடாமல், இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
பேசின் பிரிட்ஜிலிருந்து உங்கள் அக்கா